முதுகில் ஓர் இடம் காணவில்லை

தோல் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி வராந்தாவில் கால் வைத்ததுமே கைக்குட்டையார் மூச்சை அடக்கிக்கொண்டார்.

சுவரோரம் நீளமாக பெஞ்சுகள், பெஞ்சு நிறைய ஆட்கள். ஒருவர் முழங்கையைச் சொறிந்த சொறியில் உதிர்ந்த செதில் தரையில் மாவு சலித்த மாதிரி கிடந்தது. பக்கத்தில் இருந்தவர் கால் கட்டைப் பிரித்து, பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து ஏதோ திருப்திப்பட்டுக்கொண்டார். களிம்பும் சீழும் பினாயிலும் கலந்த வாடை ஒன்று, கூப்பிடாமலே கூட நடந்து வந்தது.

துப்பறிகிற தொழிலில் இருபது வருஷம் குப்பை கொட்டியவர்தான். பிணத்தைப் பார்த்தால் பயமில்லை, பிணம் சொறிவதில்லை. உயிரோடு இருக்கிறவர்களின் அழுக்குதான் அவருக்கு ஆகாது. மூக்கை விட்டு ஒரு வெள்ளைக் கைக்குட்டை இறங்கவே இறங்காது. அப்படி வந்த பட்டப்பெயர்தான் கைக்குட்டையார். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துபோயிற்று என்று ஒரு பேச்சு உண்டு.

அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே மனைவியின் தங்கைதான். கைக்குட்டையாரின் உதவியாளரும் அவள்தான். அவளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் அதை ஒரு பட்டம் போலத்தான் வைத்திருந்தாள்.

"எவ்வளவு நேரம் அத்தான் மூச்சை அடக்குவீங்க? நீங்க இங்கயே மயங்கி விழுந்தா, அக்காவுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

"நீ பேசினா நானும் பேசணும். பேசினா மூச்சு விடணும். பேசாம வா."

வாயாடி பேசாமல் வருவதாவது. வந்த வேலை என்ன என்பதை அவளே தனக்குத்தானே ஒரு தடவை ஒப்பித்துக்கொண்டு வந்தாள். அது நமக்கும் வசதி.

தொலைந்த பொருள் ஒரு பருப்பு அளவு. தொலைந்த இடம் ஒரு தையல்காரம்மாவின் முதுகு. மூன்று மாதத்துக்கு முன்னால் பெரிய டாக்டர் அந்த முதுகிலிருந்த ஒரு மச்சத்தில் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் என்று லேப் சொல்லிற்று. இந்த மாதம் ஆறாம் தேதி ஆபரேஷன். பதிவேட்டில் குறித்திருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்தார்கள். பதினோராம் தேதி லேப் மறுபடி பேசிற்று: வெட்டி எடுத்தது நல்ல தோல், அதில் ஒரு கெடுதலும் இல்லை.

அப்படியென்றால் கெடுதல் இன்னும் முதுகிலேயே இருக்கிறது. எங்கே என்றுதான் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்குத் தேதி பத்தொன்பது. மத்தியானம் இரண்டு மணிக்கு மறு ஆபரேஷன். இப்போது மணி பதினொன்று.

பழி பதிவாளர் அம்மாள் தலையில் விழுந்திருந்தது. தப்பான இடத்தைப் பதிந்தது அவர்தான் என்று விசாரணை. நேற்று கைக்குட்டையார் வெளியே போயிருந்தபோது ஆபீஸுக்கு வந்து வாயாடியைப் பார்த்தவரும் அவரேதான். "டாக்டர் மேலதான் தப்பு. அதை நிரூபிச்சுக் குடுங்க" என்று சொல்லி, தன் பட்டியலின் பழைய அச்சும் புது அச்சுமாக இரண்டு புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வராந்தாவில் வழி விசாரித்துக்கொண்டு, முதலில் அவரையே பார்க்கக் கீழே இறங்கினார்கள்.

பதிவு அறை தரைக்கும் கீழே, ஜன்னல் இல்லாத அறை. அங்கே எந்த வாடையும் இல்லை, ஒரு தூசும் இல்லை. கைக்குட்டையார் காலையிலிருந்து முதல் தடவையாகக் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பதிவாளர் அம்மாளும் அந்த அறை மாதிரியே இருந்தார். தும்பைப்பூ வெள்ளையில் சட்டை, பிடரி வரைக்கும் ஏறி நிற்கும் கழுத்துப்பட்டி, கடைசிப் பொத்தான் வரை போட்டிருந்தார். பார்த்தவுடனே கைக்குட்டையாருக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஊரில் இன்னும் ஒரு சுத்தமான ஆள் இருக்கிறாரே என்று மனசு குளிர்ந்தது.

பதிவாளர் அம்மாள் நான்கு வருஷம் உழைத்து உண்டாக்கிய பட்டியல்தான் நேற்று வைத்துவிட்டுப் போன அந்தப் புத்தகம். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உடம்பின் மேல்பரப்பை இருநூற்றுப் பன்னிரண்டு இடமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயர், ஒரே எண் கொடுத்திருந்தார். அதற்கு முன்னால் டாக்டர்கள் வாய்க்கு வந்ததை எழுதினார்கள். ஒரே இடத்தை ஒருவர் இடுப்பு என்பார், ஒருவர் முதுகின் அடி என்பார், மூன்றாமவர் பெல்ட் போடுகிற இடம் என்பார். நோயாளியை ஒருவர் பார்த்து இன்னொருவர் வெட்டுகிற இடத்தில் இது விளையாட்டில்லை. அந்த அம்மாள் சொன்னதில் நியாயம் இருந்தது.

டாக்டர்கள் இன்னமும் பழைய பழக்கத்தில் சீட்டில் எதையாவது கிறுக்கி அனுப்புவார்களாம். அதை எண்ணாக மாற்றிப் பதிவது இவர் வேலை. எப்படி மாற்றுவீர்கள் என்று கைக்குட்டையார் கேட்டார்.

"நான் கண்ணால நோயாளியப் பார்க்கறதே இல்ல சார். சீட்ட வாசிப்பேன். என் உடம்புலயே அந்த இடத்தத் தொட்டுப் பார்ப்பேன். அப்புறம் நம்பர் போடுவேன்." சொல்லிக்கொண்டே முழங்கையைத் தொட்டார், காதுமடலைத் தொட்டார், இரண்டுக்கும் எண் சொன்னார். "நம்பரத் தப்பா போட்டதா இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது."

"சீட்டு எங்கே?"

"ஒன்பதாவது விதி. எண் பதிஞ்சதும் சீட்டக் கிழிச்சிடணும். பழைய வார்த்தை கண்ணுல பட்டா பழைய புத்தி வந்துடும்."

தையல்காரம்மாவின் சீட்டும் அப்படியே கிழிந்து போயிருந்தது. பதிவேட்டில் இருந்தது ஒரு எண் மட்டும்: அறுபத்தொன்று. இடது பக்கம், பிடரிக்குக் கீழே. டாக்டர் என்ன எழுதினாரோ அதைத்தான் பதிந்தேன், அவர் எழுதியதே தப்பு என்று அம்மாள் அடித்துச் சொன்னார். சொல்லும்போது குரலில் நடுக்கமில்லை.

மாடிப்படி ஏறும்போது வாயாடி இரண்டு புத்தகத்தையும் புரட்டினாள். "கக்கத்துக்கு மட்டும் ஆறு நம்பர் அத்தான். நம்ம அக்கா கோவத்துல உங்களைக் கிள்ளினா இனிமே நம்பர் சொல்லிக் கிள்ளலாம்." பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா இது ஒண்ணு வேடிக்கை. பழசுல மொத்தம் பதினாறு விதி. புதுசுல பதினேழு. வேற ஒரு எழுத்து கூட மாறல. ஒரே ஒரு விதிக்காகவா மொத்தப் புத்தகத்தையும் திரும்ப அச்சடிச்சாங்க?"

"சுத்தக்காரங்க அப்படித்தான்" என்றார் கைக்குட்டையார். அவருக்கு அப்போது மனசெல்லாம் பெரிய டாக்டர் மேல் இருந்தது.

பெரிய டாக்டரைப் பார்த்தபின் அந்தச் சந்தேகம் இன்னும் தடித்தது. அவர் மேஜைமேல் ஒரு தட்டில் சுரண்டி எடுத்த செதில், அதற்குப் பக்கத்திலேயே ஒரு தட்டில் பிஸ்கட். ஒரு நோயாளியின் கழுத்துக் கொப்புளத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றி எறிந்து, கையைக் கழுவாமலே பிஸ்கட்டை எடுத்தார். நகத்தோரம் ஊதா மருந்து. சாப்பிடுங்களேன் என்று டாக்டர் தட்டை நகர்த்தியபோது, எது எந்தத் தட்டு என்று தெரியாமல் கைக்குட்டையார் நாற்காலியோடு பின்னால் போனார்.

"அத்தானுக்கு இன்னிக்கு விரதம்" என்றாள் வாயாடி.

டாக்டர் மறைக்கிற ஆளாகத் தெரியவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது. ஒரு நாளைக்கு அறுபது முதுகு பார்க்கிறேன், மூன்று மாதத்துக்கு முந்தைய முதுகு எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும் என்று கேட்டார். எண்ணைப் பார்த்தேன், பட்டியலில் இருக்கிற உடம்புப் படத்தைப் பார்த்தேன், அங்கே ஒரு தழும்பு இருந்தது, வெட்டினேன் என்றார். அந்த முதுகு நிறைய மச்சம், பழைய கட்டிகளின் தழும்பு; சதை எடுத்த தழும்பு எது, கட்டித் தழும்பு எது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் பிரிக்க முடியவில்லையாம். எடுத்த அன்றைக்குப் போட்டோ எடுக்கவில்லை. அன்று கூட்டம் அதிகம்.

"இன்னிக்கு எங்கே வெட்டப் போறீங்க?"

"சந்தேகமா மூணு இடம் இருக்கு. மூணையும் எடுத்துடுவேன். தொடையிலேர்ந்து தோல் எடுத்து ஒட்டணும். ஒரு இடம் வலது தோள்பட்டை மேலே வருது. கை பழையபடி தூக்க முடியாது. வேற வழி இல்ல, உயிர் முக்கியம்."

"மூணுலயும் இல்லன்னா?"

டாக்டர் பிஸ்கட்டை மென்று முடித்தார்.

தையல்காரம்மா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒண்டிக்கட்டை. துணி வெட்டுகிற கை வலது கை என்பதால் அதை மடியில் இடது கையால் பிடித்தபடியே இருந்தார். யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் போல.

"எந்த இடம்னு எல்லாரும் என்னையே கேக்கறாங்க. என் முதுகை நான் எப்படிங்க பார்க்கறது? மரத்துப்போற ஊசி போட்டுட்டாங்க, வலியும் தெரியல. வீட்டுக்குப் போனப்புறம் முதுகு பூரா எரிஞ்சுது."

நர்ஸ் அவருடைய ஆஸ்பத்திரி அங்கியின் முடிச்சைப் பின்னால் அவிழ்த்துக் காட்டினாள். கைக்குட்டையார் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. பிடரிக்குக் கீழே ஆறாம் தேதி வெட்டிய காயம் இன்னும் சரியாகக் கூடாமல், ஓரத்தில் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் கருப்பும் பழுப்புமாக மச்சம். நடுவில் ஊதாப் பேனாவால் மூன்று பெரிய வட்டம், மாமிசக் கடையில் குறி வைத்த மாதிரி. அவருக்கு அருவருப்பு வந்தது. காயத்தைப் பார்த்து வந்தது பாதி. அந்த வட்டங்களைப் பார்த்து வந்தது மீதி.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட பக்கத்தில் கட்டிலின் கீழே ஒரு துணிப்பை இருந்தது. பையிலிருந்து ஒரு பச்சைச் சட்டை எட்டிப் பார்த்தது. சட்டையில் பழுப்புக் கறை.

"இதென்ன கறை?"

"ரத்தம்தான். சதை எடுத்த அன்னிக்குப் போட்டிருந்த சட்டை. எவ்வளவு தோய்ச்சும் போகல."

போகாத ரத்தம். மூன்று மாதத்து ரத்தம். கைக்குட்டையார் இரண்டடி பின்னால் போனார். வாயாடி குனிந்து சட்டையை எடுத்து உதறிப் பார்த்தாள். சட்டையின் பின்கழுத்து நன்றாக இறக்கி வெட்டியிருந்தது, முதுகில் ஒரு சாணுக்கு மேல். ஓரத்துக்குக் கீழே, உள்பக்கமாக, மெல்லிய வெள்ளைத் துணியில் ஒரு ஒட்டு. அணாக் காசு அளவுக்கு வட்டமாக, இழை தெரியாத தையலில்.

"பச்சைச் சட்டைக்கு வெள்ளை ஒட்டு. இதான் இப்ப புது மோஸ்தரா அக்கா?"

"அட, அது புண்ணுக்குங்க. ரெண்டு தையல் போட்டு அனுப்பினாங்க. சட்டை அதுமேலயே உரசுது. ரத்தம் பட்ட இடம்தானே புண்ணு இருக்கிற இடம்? அதான் அந்த இடத்துல பழைய வேட்டித் துணி வச்சுத் தைச்சேன். புண்ணு ஆறுற பதினஞ்சு நாளும் இதத்தான் போட்டேன்."

கைக்குட்டையார் கையிலிருந்த கைக்குட்டை கீழே விழுந்தது. ஆஸ்பத்திரித் தரையில் விழுந்த கைக்குட்டையை அவர் எடுக்கவில்லை. கறை படிந்த சட்டையை வெறும் கையால் வாங்கினார்.

"அம்மா, இதை இப்ப போட்டுக்கறீங்களா? போட்டுட்டு நேரா நில்லுங்க. கையைத் தொங்கவிடுங்க."

தையல்காரம்மாவுக்கு அது பழக்கமான கட்டளைதான். ஆயிரம் பேரை அப்படி நிற்கவைத்து அளவெடுத்தவர். அங்கியைக் கழற்றிச் சட்டையைப் போடும்வரை கைக்குட்டையார் திரைக்கு வெளியே நின்றார். உள்ளே வாயாடி, துணிப்பையிலிருந்த தையல் சாக்கட்டியைச் சட்டைக் கழுத்து வழியாக உள்ளே விட்டு, ஒட்டு நின்ற இடத்தில் தோலில் ஒரு புள்ளி வைத்தாள். சட்டையைக் கழற்றினார்கள். பெரிய டாக்டரைக் கூப்பிட நர்ஸ் ஓடினாள்.

புள்ளி மூன்று வட்டத்தில் ஒன்றிலும் விழவில்லை. இடது தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் விழுந்திருந்தது. அதன் அடியில், அரிசி அளவுக்கு ஒரு வெளுத்த தழும்பு. டாக்டர் லென்ஸை வைத்துக் குனிந்தவர் நிமிர ரொம்ப நேரமாயிற்று.

"தழும்போட ஓரத்துல கருப்பு திரும்ப முளைக்குது" என்றார். "இதேதான்."

அவரே பஞ்சை எடுத்து மூன்று வட்டத்தையும் அழித்தார். தையல்காரம்மா வலது கையை மடியிலிருந்து எடுத்து, ஒரு தடவை மேலே தூக்கி இறக்கிப் பார்த்துக்கொண்டார்.

துப்பறிகிறவருக்கு வேலை முடியவில்லை. அவர் சட்டையை மறுபடி விரித்து, ஒட்டுக்கும் கழுத்து ஓரத்துக்கும் நடுவில் விரலை வைத்தார். சரியாக இரண்டு விரல்.

"டாக்டர், முதுகுல இருக்கிற மச்சத்தை நீங்க சீட்டுல எப்படி எழுதுவீங்க?"

"எப்படி எழுதறது? கூட்டத்துல சட்டையக் கழட்டச் சொன்னா அவங்களுக்கும் கூச்சம், நமக்கும் நேரமில்ல. ஓரத்த விரலால இழுத்துப் பிடிச்சு எடுப்பேன். இந்த மச்சத்தையே எழுதினா, இடது பக்கம், நடுவுலேர்ந்து மூணு விரல், சட்டைக் கழுத்து ஓரத்துக்கு ரெண்டு விரல் கீழே. முப்பது வருஷமா அப்படித்தான் எழுதறேன். நம்பர் அந்தம்மா பார்த்துப் போட்டுக்குவாங்க."

"யார் சட்டைக் கழுத்து?"

டாக்டர் தையல்காரம்மாவின் சட்டையைப் பார்த்தார். வாயாடி அதற்குள் தன் பிடரியில், பதிவாளர் அம்மாளின் கழுத்துப்பட்டி ஏறி நிற்கிற அதே இடத்தில் கையை வைத்து, இரண்டு விரல் இறக்கினாள். விரல் நின்ற இடம் அறுபத்தொன்று.

"என் உடம்புலயே தொட்டுப் பார்ப்பேன்னாங்களே அத்தான்" என்றாள் மெதுவாக. அவள் மெதுவாகப் பேசியதே அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

கைக்குட்டையாருக்கு முதலில் வருத்தம்தான் வந்தது. பாவம், தெரியாமல் செய்த தப்பு. நோயாளியைப் பார்க்காமல் பதிகிற யாருக்கும் வரலாம். எழுதின டாக்டர் மேலும் பாதித் தப்பு. இப்படி நினைத்துக்கொண்டே படியிறங்கியவர் பாதியில் நின்றார். வாயாடியிடம் கையை நீட்டினார்.

"அந்தப் புதுப் புத்தகத்தைக் கொடு. பதினேழாவது விதி என்ன?"

அவள் பிரித்துக் காட்டினாள். அவர் அதைப் படித்தார். முன்பக்கத்துத் தேதியையும் பார்த்தார். காலையிலிருந்து செதிலும் சீழும் செய்ய முடியாததை அந்த ஒரு வரி செய்தது. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வந்த குமட்டலை விழுங்கினார்.

பதிவு அறை அதே சுத்தத்தோடு இருந்தது. பதிவாளர் அம்மாள் எழுந்து நின்றார். டாக்டர் மாட்டினாரா என்ற கேள்வி முகத்திலேயே இருந்தது. கைக்குட்டையார் உட்காரவில்லை. புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்து, விதியை வாய்விட்டுப் படித்தார்.

"இடம் குறிக்க உடுப்பின் ஓரங்களை அளவாகக் கொள்ளக் கூடாது, உடுப்பு ஆளுக்கு ஆள் மாறும்." முன்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "பன்னிரண்டாம் தேதி அச்சு. நாலு வருஷமா தோணாத விதி, லேப் ரிப்போர்ட் வந்த மறுநாளே எப்படிம்மா தோணுச்சு?"

அம்மாளின் கை தானாகக் கழுத்துப்பட்டிக்குப் போயிற்று. பிறகு உடைந்து வந்தது எல்லாம். ரிப்போர்ட்டைப் படித்ததுமே சீட்டு ஞாபகம் வந்ததாம். சட்டை ஓரம் என்ற வார்த்தை ஞாபகம் வந்ததாம். தான் தொட்டது தன் சட்டையை என்பதும். டாக்டரிடம் சொல்லப் படி ஏறினாராம், பாதியில் திரும்பிவிட்டாராம். இந்த ஒன்றைச் சொன்னால் பட்டியலையே தூக்கிப் போட்டுவிடுவார்கள், நான்கு வருஷ உழைப்பு குப்பைக்குப் போய்விடும் என்று.

"அதான் சார், இனிமே யாருக்கும் இப்படி நடக்கக் கூடாதுன்னு உடனே விதி போட்டேன்."

"இனிமே வர்றவங்களுக்கு. மேல படுத்திருக்கிறவங்களுக்கு?"

அம்மாள் புத்தகத்தை மூடினார்.

"எட்டு நாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அந்தம்மா முதுகுல மூணு வட்டம் போட்டிருந்தாங்க. கை போயிருக்கும். கெட்டது உள்ளயே இருந்திருக்கும். நீங்க இங்க உட்கார்ந்து புத்தகத்துக்கு அட்டை போட்டிருக்கீங்க. டாக்டர் மேல பழி போட என்னையும் கூட்டிட்டு வந்திருக்கீங்க. மேல சீழ் வடியுதும்மா. இங்க எனக்கு அதைவிட அருவருப்பா இருக்கு."

வாயாடிக்கு ஒரு சிரிப்பும் வரவில்லை. பதிவாளர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்: "பட்டியல நிறுத்திடுவாங்களா சார்?"

பட்டியலில் ஒரு தப்பும் இல்லை, பதினேழாவது விதிகூட நல்ல விதிதான் என்றார் கைக்குட்டையார். நடந்ததைக் கேட்க வேண்டியவர் மூன்றாம் மாடியில் இருக்கிறார், நீங்களே வந்து சொல்லுங்கள் என்று கதவைத் திறந்து பிடித்தார்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. தள்ளுவண்டியில் தையல்காரம்மாவைக் குப்புறப் படுக்கவைத்து வராந்தாவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முதுகில் இப்போது ஒரே வட்டம், சின்னதாக. பதிவாளர் அம்மாள் வண்டி பக்கத்தில் போய் நின்றார். ஆரம்பத்தில் அவருக்குத் தெரிந்த பாஷையில்தான் வந்தது: அறுபத்தொன்று என்று பதியப்பட்டது, எழுபத்து நான்கு என்று பதிந்திருக்க வேண்டும். பிறகு நிறுத்தி, தப்பு என்னுடையது என்றார். பதினோராம் தேதியே தெரியும் என்பதையும் சொன்னார்.

தையல்காரம்மா தலையைச் சாய்த்து அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பார்வை கழுத்துப்பட்டியில் வந்து நின்றது.

"இந்தச் சட்டை அளவுக்கா என்னை வெட்டினாங்க?"

பதிவாளர் அம்மாள் ஆமென்று தலையை ஆட்டினார்.

"நான் யாருக்குத் தைச்சாலும் அவங்களைக் கூப்பிட்டு நிக்கவச்சு அளவெடுப்பேன். ஒரு பாவாடைக்குக்கூட. தப்பா வெட்டிட்டா அன்னிக்கே சொல்லிடுவேன். துணிதானேன்னு விடமாட்டேன்."

பதிவாளர் அம்மாள் மன்னிப்பு கேட்கக் கையை நீட்டினார். தையல்காரம்மா அந்தச் சுத்தமான கையைப் பார்த்தார். அழுக்கு ஒட்டிவிடும் போலத் தன் கையை வண்டிக்குள் இழுத்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார்.

"தள்ளுங்கப்பா" என்றார் வண்டிக்காரரிடம். "நேரமாகுது."